நட்டு டைட்டாத்தான் இருந்தது

புது ஷாக்கப்சர் மாட்டிய வண்டி சத்தம் போட்டால், சாமான் விற்ற கடைக்காரரைத் திட்டத்தான் முதலில் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடிய சத்தம் என்றால் அது தேய்மானம். ஒர்க் ஷாப்பிலிருந்து வெளியே வந்ததும் புதிதாக முளைத்த சத்தம் என்றால், அன்றைக்குக் கழற்றி மாட்டிய போல்ட், நட்டு, புஷ் (இரும்புக்கு நடுவே அதிர்வு தாங்கும் ரப்பர் உருளை) இவற்றுக்குள்தான் அநேகமாக அது இருக்கும். இதை நம்பித் தேட ஆரம்பித்ததால்தான் எங்களுக்கு ஒரு ஸ்டீயரிங் ராக்கின், அதாவது ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரங்களைத் திருப்பும் பாகத்தின், விலை மிச்சமானது.

வண்டி பத்து வயது தாண்டிய சின்ன ஹேட்ச்பேக். லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. மேடவாக்கம் பக்கம் இருப்பவர்களுக்கு, மெட்ரோ வேலை நடக்கும் சாலை ஒரு காரின் அடிப்பாகத்தை என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. முன் ஷாக்கப்சர் இரண்டிலும் ஆயில் கசிவு, சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு பிணைக்கும் லோயர் ஆர்மின் புஷ் கிழிசல், லிங்க் ராடு ஆட்டம். ஒவ்வொன்றாகப் பார்ப்பதைவிட மொத்தமாக மாற்றிவிடலாம் என்று அண்ணா சாலையை ஒட்டிய ஜி.பி. ரோட்டில் வெளி மார்க்கெட் சாமான்களாக வாங்கி, வீட்டுப் பக்கத்து ஒர்க் ஷாப்பில் கொடுத்தோம். ஷாக்கப்சர் ஜோடி, லோயர் ஆர்ம் ஜோடி, லிங்க் ராடு ஜோடி. ஷாக்கப்சரின் தலையை பாடியோடு பிணைக்கும் மேல் மவுண்ட் மட்டும் "நல்லாத்தான் சார் இருக்கு" என்று பழையதையே போட்டார்கள்.

வண்டி திரும்பி வந்தபோது மிதப்பு போயிருந்தது, வளைவில் சாய்வு குறைந்திருந்தது. எல்லாம் சரி. தெருவுக்குள் மெதுவாக உருட்டும்போது மட்டும் இடது முன்பக்கம் 'டொக் டொக்'.

ஒர்க் ஷாப்பில் சொன்னது எல்லோரும் கேட்டிருக்கக்கூடிய பதில்தான்: "புதுசு சார், ஓட ஓட செட் ஆயிடும்." ரப்பர் கொஞ்சம் படியும், புது ஸ்பிரிங் கொஞ்சம் இறங்கும், அதெல்லாம் உண்மை. ஆனால் இரும்பும் இரும்பும் இடிக்கும் சத்தம் ஓட ஓட செட் ஆகாது. போல்ட் ஓட்டையைத்தான் பெரிதாக்கும். இன்னொரு ஒர்க் ஷாப்பில் வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்காமல், "ராக் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்றார்கள். ராக்கில் ஆட்டம் இருந்தால், வண்டி நின்றபடியே ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சின்னதாக வெடுக் வெடுக்கென்று திருப்பும்போது கையில் தட்டும். எங்களுக்கு அப்படி எதுவும் தட்டவில்லை. அதனால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டு, நாங்களே பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

சக்கரம் கழற்றி மாட்டிய எந்த வேலைக்குப் பிறகும் முதல் காரியம் வீல் நட்டுகளை ஒரு தடவை பிடித்துப் பார்ப்பது. அடுத்தது, வண்டியைக் காலி செய்வது. ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஸ்டெப்னி, சீட்டுக்கடியில் உருளும் தண்ணீர் பாட்டில், டேஷ்போர்டு டிராயரில் கிடக்கும் சில்லறை வரை எல்லாம் வெளியே. பேட்டரி கிளாம்ப், நம்பர் பிளேட், இன்ஜினுக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் தட்டு இவற்றையும் கையால் ஆட்டிப் பாருங்கள். அற்பமாகத் தெரியும். சஸ்பென்ஷன் சத்தம் என்று வருகிற வண்டிகளில் ஜாக்கி சத்தத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

அப்புறம் பிரேக். ஆளில்லாத கரடுமுரடான தெருவில் மெதுவாகப் போகும்போது பிரேக்கை லேசாக, வண்டி நிற்காத அளவுக்குத் தொட்டபடி ஓட்ட வேண்டும். அந்த நேரம் சத்தம் நின்றுபோனால் பிரேக் பேடோ காலிப்பரோ ஆடுகிறது என்று அர்த்தம். எங்களுக்கு நிற்கவில்லை.

இனிமேல்தான் விஷயமே. ஒரே வண்டி, ஒரே சத்தம், ஆனால் எந்த மேட்டில் வருகிறது, எதில் வருவதில்லை என்பதுதான் துப்பு. எங்கள் வண்டி அகலமான ஸ்பீடு பிரேக்கரில் நேராக ஏறி இறங்கினால் சத்தமே இல்லை. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஏறி இறங்கும் சின்னப் பள்ளம், மேன்ஹோல் மூடி, தார் ஒட்டுப் போட்ட இடம், இங்கெல்லாம்தான் டொக்.

இதற்குக் காரணம் ஸ்டெபிலைசர் பார். இரண்டு முன் சக்கரங்களையும் குறுக்கே இணைக்கும் கம்பி அது. அதன் இரு நுனிகளையும் சஸ்பென்ஷனோடு பிணைப்பது லிங்க் ராடு. இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறினால் பார் முறுக்கப்படுவதில்லை, தன் புஷ்களுக்குள் சும்மா உருளும். லிங்க் ராடுக்கு அப்போது வேலையே இல்லை. ஒரு சக்கரம் மட்டும் ஏறினால் பார் முறுகும், லிங்க் ராடு இழுபடும், அடுத்த நொடி தள்ளுபடும். அதில் நூலளவு ஆட்டம் இருந்தாலும் கேட்டுவிடும். நேராக ஏறினால் அமைதி, கோணலாக ஏறினால் டொக் என்றால் முதல் சந்தேகம் லிங்க் ராடு மேல்தான்.

இந்தச் சோதனைக்கு ஒழுங்கான ஸ்பீடு பிரேக்கர் வேண்டும், அதுதான் சிக்கல். இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி வட்ட வடிவ ஸ்பீடு பிரேக்கர் 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டரில் கடக்கக் கணக்குப் போட்டது. நம் தெருக்களில் அவரவர் வீட்டு வாசலுக்கு அவரவர் போட்டுக்கொண்ட சிமெண்ட் திட்டுகளில் எதைக் கடந்தாலும் எல்லாப் பாகமும் சேர்ந்து கத்தும், எதையும் பிரித்துக் கேட்க முடியாது. பெரிய அப்பார்ட்மெண்ட் வளாகத்துக்குள் கொஞ்சம் முறையாகப் போட்டிருப்பார்கள். அங்கே போய்ப் பாருங்கள்.

சந்தேகம் வந்தாயிற்று, ஊர்ஜிதம் செய்ய வேண்டும். இங்கே பல பேர் தவறவிடும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஜாக்கி போட்டு ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுகி லிங்க் ராடை இறுக்கிப் பிடித்துவிடும். அந்த நிலையில் எவ்வளவு ஆட்டினாலும் ஆட்டம் தெரியாது, "நல்லா இருக்கு" என்று இறக்கிவிடுவார்கள். நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்படி குழியின் மேலோ அலைன்மெண்ட் ரேம்ப்பின் மேலோ வண்டியை நிறுத்தி, அடியிலிருந்து லிங்க் ராடைப் பிடித்து ஆட்ட வேண்டும். ஒருவர் பானெட் ஓரத்தை அமுக்கி அமுக்கி விட, இன்னொருவர் விரலை லிங்க் ராடின் நுனியில் வைத்திருந்தால், சத்தத்துக்கு முன் விரலே சொல்லிவிடும். காதை நம்பக்கூடாது. இரும்பு வழியாகச் சத்தம் பாடி முழுக்க ஓடும், வலப்பக்கக் கோளாறு இடப்பக்கம் கேட்கும்.

ஆட்டம் தெரிந்தது. ஆனால் நட்டு டைட். இறுக்கத்தை அளக்கும் டார்க் ரென்ச் வைத்தால் டிக்கென்று அடிக்கிறது. லிங்க் ராடின் நுனியில் உருண்டை போலத் திரும்பும் பால் ஜாயிண்டும் புதுசு, கெட்டியாகவே அசைந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் ஆடுகிறது.

குரோம்பேட்டையில் அலைன்மெண்ட் கடை ஓரமாக வேலை பார்க்கும் வயதான மெக்கானிக் ஒருவர் குழிக்குள் இறங்கி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "நட்டு டைட்டாத்தான் சார் இருக்கு. அது எதைப் புடிச்சிட்டிருக்குன்னு பாருங்க" என்றார்.

நட்டைக் கழற்றினதும் புரிந்தது. லிங்க் ராடின் போல்ட்டில் மரை முழு நீளத்துக்கும் இல்லை. அடிப்பக்கத்தில் கொஞ்ச தூரம் மொழுக்கென்று இருந்தது. நட்டு மரை முடிகிற இடம் வரை போய் முட்டி நின்றிருக்கிறது, அதனால் ஸ்பேனருக்கு டைட். நட்டுக்கும் போல்ட்டின் விளிம்புக்கும் நடுவே இருந்த ஸ்டெபிலைசர் பாரின் கண்ணுக்கோ, அதாவது போல்ட் நுழையும் ஓட்டைக்கோ, பிடிமானம் இல்லை. கண்ணைச் சுற்றி இரும்பு வெள்ளி மாதிரி பளபளவென்று தேய்ந்து, ஓரத்தில் செம்பழுப்புப் பொடி படிந்திருந்தது. அந்தப் பளபளப்பும் பொடியும்தான் பார்க்க வேண்டிய தடயம். இறுகப் பிடித்த போல்ட்டின் அடியில் இரும்பு பளபளக்காது. டார்க் ரென்ச் நட்டு சுற்ற எவ்வளவு மறுக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும், எதனால் மறுக்கிறது என்று சொல்லாது.

அவர் ஒரு கெட்டியான வாஷரை இடையில் போட்டு முறுக்கி ஓட்டிப் பார்க்கச் சொன்னார். டொக் பாதிக்கு மேல் போய்விட்டது. வாஷர் நிரந்தர மருந்து இல்லை, கண்டுபிடிக்க ஒரு வழி, அவ்வளவுதான். வாஷரும் கையில் இல்லாவிட்டால் இன்னொரு வழி உண்டு. இரு பக்க லிங்க் ராடையும் கழற்றி, தொங்கும் பாரின் நுனி எதிலும் இடிக்காதபடி கட்டிவிட்டு, தெருவுக்குள் மட்டும் உருட்டிப் பார்க்கலாம். சத்தம் முழுக்கப் போனால் குற்றவாளி லிங்க் ராடு அல்லது பார் புஷ். அந்த நிலையில் வண்டி வளைவில் கண்டபடி சாயும், மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

பெட்டியும் பில்லும் பத்திரமாக இருந்ததால் கடைக்காரர் மறுபேச்சு இல்லாமல் வேறு தயாரிப்பு லிங்க் ராடு கொடுத்தார். இந்தத் தடவை பழைய ஒரிஜினலையும் எடுத்துக்கொண்டு போய், கவுண்டரிலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்கினோம். மொத்த நீளம், போல்ட்டின் தடிமன், மரை எங்கே ஆரம்பிக்கிறது, நட்டு விளிம்பு வரை கையால் சுற்றிப் போகிறதா. கழற்றிய பழைய சாமானைப் புதுசு சரியாக ஓடும் வரை யாரும் காயலான் கடைக்குப் போடக்கூடாது, ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

வெளி மார்க்கெட் சாமான் என்றாலே மட்டம் என்று நான் சொல்லவில்லை. கார் கம்பெனிக்கே செய்து கொடுக்கும் கேப்ரியல், ரானே போன்றவர்கள் தங்கள் சொந்தப் பெட்டியிலும் கடையில் விற்கிறார்கள். அதை வாங்குவதில் எனக்குத் தயக்கமே இல்லை. பெட்டியில் ஊர் பேர் இல்லாத சாமான் வேறு ரகம். அதை இருக்கைக் கவருக்கும் மிதியடிக்கும் வைத்துக்கொள்ளலாம், பால் ஜாயிண்டுக்கு வேண்டாம்.

லிங்க் ராடு மாற்றிய பிறகு, அதுவரை அதன் பின்னால் மறைந்திருந்த இன்னொரு சத்தம் வெளியே வந்தது. இது டொக் இல்லை, மந்தமான 'டப்'. நேராக ஸ்பீடு பிரேக்கர் இறங்கும்போது, சக்கரம் கீழே தொங்கும் கணத்தில். டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து வருவதாகப் பட்டது. பலர் இந்த இடத்தில்தான், புது லிங்க் ராடும் மோசம் என்று முடிவு கட்டுகிறார்கள்.

மெக்பெர்சன் ஸ்ட்ரட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இது எளிது. ஏர்ல் மெக்பெர்சன் என்ற இன்ஜினியர் உருவாக்கிய அமைப்பு அது. 1950-ல் பிரிட்டிஷ் ஃபோர்டின் கான்சல், செஃபிர் கார்களில் வந்தது. இன்று நம் ஊர்ச் சின்னக் கார்கள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் முன்பக்கம் அதுதான். இடமும் செலவும் மிச்சம், ஏனென்றால் ஒரே தூண் ஷாக்கப்சராகவும், ஸ்பிரிங்கைத் தாங்குவதாகவும், ஸ்டீயரிங் திருப்பும்போது சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் அச்சாகவும் இருக்கிறது. அந்த மூன்று வேலையின் பாரமும் மேலே போய்ச் சேரும் இடம் ஒரு ரப்பர் மவுண்ட், ஒரு பேரிங், நடுவில் ஒரே ஒரு நட்டு. அந்த நட்டு கொஞ்சம் தளர்ந்தால் வண்டி இறங்கும் ஒவ்வொரு தடவையும் ஷாக்கப்சர் ராடு மவுண்டுக்குள் மேலும் கீழும் அடிக்கும்.

எங்கள் வண்டியில் அதேதான். காற்றழுத்தத்தில் நட்டைச் சுற்றும் ஏர் கன் வைத்து முறுக்கியிருக்கிறார்கள். ஷாக்கப்சர் ராடு சுதந்திரமாகச் சுற்றக்கூடியது, கன் அடிக்கும்போது நட்டோடு சேர்ந்து ராடும் சுற்றும். சத்தத்தைக் கேட்டால் டைட் ஆனதாகத் தோன்றும், ஆகியிருக்காது. ராடின் தலையில் ஆலன் கீ போடுவதற்கு என்றே குழி இருக்கும், இல்லையென்றால் பக்கவாட்டில் தட்டை வெட்டு இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு ரிங் ஸ்பேனரால் நட்டை முறுக்க வேண்டும். அப்படிப் பிடித்து முறுக்கியபோது இடப்பக்க நட்டு கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்று உள்ளே போனது. டப் நின்றது. கழற்றிக் கையில் வைத்திருக்கும்போது சிலர் ராடின் பளபளப்பான பகுதியை வைஸ் கிரிப்பால் கவ்விப் பிடிப்பார்கள். பார்த்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அதில் விழும் கீறல் ஆயில் சீலைக் கிழித்துவிடும், புது ஷாக்கப்சர் சில மாதத்தில் கசியும்.

மேல் மவுண்ட் பேரிங்கில் கோளாறு என்றால் அடையாளம் வேறு. வண்டி நின்றபடி ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் இறுகி இறுகி, பிறகு 'டங்' என்று துள்ளும். ஒருவர் திருப்ப, இன்னொருவர் ஸ்பிரிங்கில் லேசாகக் கை வைத்தால் தெரியும். விரலை ஸ்பிரிங் சுருளுக்கு இடையே விடாதீர்கள். பேரிங்கைத் தலைகீழாக மாட்டினாலும், ஸ்பிரிங் நுனி அதன் தட்டில் உள்ள பள்ளத்தில் சரியாக உட்காராவிட்டாலும் இதே சத்தம்தான் வரும். ஆனால் அதைச் சரிசெய்ய ஸ்பிரிங் கம்ப்ரஸர் வேண்டும். அழுத்தி வைத்த ஸ்பிரிங் நழுவினால் ஆளையே முடித்துவிடும். அந்த வேலையை வீட்டு வாசலில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, சின்னக் கல் தடுக்கினாலும் மிருதுவாக டப் டப் என்று வந்து, கொஞ்ச தூரம் ஓடியதும் அடங்கினால், அது ஷாக்கப்சருக்குள் காற்று. இரட்டைக் குழாய் ஷாக்கப்சர் கடையில் படுக்கையாகக் கிடக்கும்போது உள்ளே ஆயிலும் காற்றும் இடம் மாறிவிடும். மாட்டுவதற்கு முன் நிமிர்த்திப் பிடித்து, ராடை முழுக்க அமுக்கி இழுத்து, தடங்கல் இல்லாமல் ஒரே சீராக ஓடும் வரை சில தடவை செய்ய வேண்டும். பெரும்பாலான ஒர்க் ஷாப்பில் செய்வதில்லை. ஓட ஓடச் சரியாகிவிடும் என்ற பேச்சு உண்மையாகும் ஒரே இடம் இதுதான்.

குழியில் இறங்கியதோடு லோயர் ஆர்ம் போல்ட்டுகளையும் பார்த்துவிட்டோம். இதில் சத்தம் இன்னும் வரவில்லை, ஆனால் வந்திருக்கும். ரப்பர் புஷ்ஷில் உள் குழாயும் வெளிக் குழாயும் ரப்பரோடு ஒட்டியே இருக்கும். எதுவும் சுழலாது, ஆர்ம் மேலும் கீழும் போவதை ரப்பர் முறுகித்தான் சமாளிக்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால், நிற்கும்போதே ரப்பர் பாதி முறுகி நிற்கும். ஏற்கனவே முறுக்கிய துணியை மேலும் முறுக்கிப் பிழியும் கதை, பள்ளத்தில் விழ விழ ரப்பர் கிழியும். புது ஆர்ம் போட்டும் ஒரு வருடத்தில் புஷ் போய்விட்டது என்பவர்களில் பலருக்கு நடந்தது இதுவாக இருக்கலாம். முறையான வழி, போல்ட்டுகளைக் கையளவுக்கு மட்டும் மாட்டி, வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி, முன்பக்கத்தை நாலைந்து தடவை அமுக்கிவிட்டு, பிறகு இறுக்குவது. எங்கள் வண்டியின் ஆர்ம் போல்ட்டுகளைத் தளர்த்தியதும் புஷ் கண்ணுக்குத் தெரியும்படி திரும்பி உட்கார்ந்தது. எவ்வளவு முறுக்கில் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

எல்லாம் இறுக்கியதும் ஒவ்வொரு நட்டின் மேலும், அது உட்காரும் இடத்தின் மேலும் சேர்த்து வெள்ளை பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு. சில நூறு கிலோமீட்டர் கழித்துக் குனிந்து பார்த்தால் போதும், கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. ஸ்பேனரே எடுக்க வேண்டாம். நைலான் வளையம் உள்ள லாக் நட்டுகளைத் திரும்பப் பயன்படுத்தாமல் புதுசு போடுங்கள், சில ரூபாய்தான். ஷாக்கப்சரையும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளையும் இணைக்கும் இரண்டு போல்ட்டுகளைத் தொட்டிருந்தால் கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு, மாறியிருக்கும், வீல் அலைன்மெண்ட் கட்டாயம்.

சத்தத்தோடு ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: லிங்க் ராடு என்று உறுதியாகத் தெரிந்தால் மெதுவாக ஓட்டி ஒர்க் ஷாப் வரை போகலாம். லோயர் ஆர்ம் பால் ஜாயிண்ட் என்று சந்தேகம் வந்தால் ஒரு கிலோமீட்டர்கூட வேண்டாம். வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்து, அது பால் ஜாயிண்டிலோ வீல் பேரிங்கிலோ என்று தெரியவில்லை என்றால், வண்டியை இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடிந்து விழும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக்கூடாது.

இப்போது எங்கள் வண்டியில் மிச்சம் இருப்பது, காலையில் முதல் மேட்டில் மட்டும் வரும் 'கிரீச்'. ஸ்டெபிலைசர் பாரின் நடு புஷ்கள், அவை இன்னும் பழையவை. டீசலோ பழைய இன்ஜின் ஆயிலோ ஊற்றச் சொல்லிப் பலர் யோசனை சொன்னார்கள், சத்தம் அன்றைக்கே நிற்கும் என்பதும் நிஜம்தான். ஆனால் பெட்ரோலியம் எண்ணெய் பட்ட ரப்பர் ஊறி உப்பி, கொழகொழவென்று ஆகிவிடும். சிலிகான் கிரீஸ் கொஞ்சம் தடவி வைத்திருக்கிறோம், புது புஷ் வாங்கியாயிற்று, அடுத்த ஆயில் சர்வீஸின்போது மாட்டிவிடுவோம்.